புருவத்தைப் பாருங்கள்: செங்குயில் அல்ல

வணக்கம். மருதமலை அடிவாரத்தில் நீங்கள் படமெடுத்த வரிவரியான செம்பழுப்புக் குயிலைச் செங்குயிலா, சாம்பல் வயிற்றுக் குயிலா என்று கேட்டிருந்தீர்கள். என் கணிப்பில் அது சாம்பல் வயிற்றுக் குயிலின் பெண்.

முதலில் முகம். செங்குயிலுக்குக் கண்ணுக்கு மேலே பளிச்சென்று வெள்ளைப் புருவம் ஓடும். அதற்குக் கீழே, கண்ணை ஒட்டிக் கரும்பட்டை. உங்கள் படத்தில் இரண்டுமே இல்லை. தொண்டையும் மார்பும் செம்பழுப்பாக இருக்கின்றன. செங்குயிலுக்குத் தொண்டையிலிருந்தே வெண்மைதான், அதன்மேல் மெல்லிய அலைவரிகள்.

குழப்பம் வருவது இயல்பே. சாம்பல் வயிற்றுக் குயிலில் ஆண் சாம்பல் நிறம். பெண்களில் சில மட்டும் இப்படிச் செம்பழுப்பாக இருக்கும். படப்புத்தகத்தில் பலரும் ஆணை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். செங்குயிலில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம்.

குரல் கேட்டால் சந்தேகமே வராது: செங்குயில் நான்கு சுரமாக விசிலடிக்கும். பதிவு இருந்தால் அனுப்புங்கள், கேட்க ஆசை.