கேப்ஸ்யூலில் தூள் ஒரே அளவாக விழுவது எப்படி?

கேள்வி: கேப்ஸ்யூல் ஒவ்வொன்றிலும் மருந்துத் தூளை எடை போட்டுத்தான் நிரப்புகிறார்களா?

பதில்: இல்லை. நாங்கள் நம்புவது கொள்ளளவை. ‘0’ என்ற அளவு எண் கொண்ட கேப்ஸ்யூலின் உடல் பாகத்தில், அதாவது மூடி நீங்கலான கீழ்ப்பகுதியில், சுமார் 0.68 மில்லி இடம் உண்டு. நான் பல வருடம் ஓட்டிய இயந்திரத்தில் காலிக் கூடு நிமிர்ந்து துளையில் இறங்கும். கீழிருந்து வெற்றிடம் இழுக்க, மூடி மேலேயே தங்கிவிடும், உடல் மட்டும் பிரியும். அப்புறம் ஒரு குழாய் தூள் படுகைக்குள் குத்தி இறங்கும். அதனுள் இருக்கும் பிஸ்டன் லேசாக அழுத்த, தூள் சுண்ணக்கட்டித் துண்டு மாதிரி இறுகிக் குழாயிலேயே நிற்கும். உடல் பாகத்துக்கு மேலே வந்ததும் பிஸ்டன் அதைத் தள்ளிவிடும்.

ஆக, படுகையின் உயரம் மாறினால் எடையும் மாறும். ஒருமுறை எடை குறைந்துகொண்டே வந்தது. அரை மணி நேரம் பிஸ்டனோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், மேலே தூள் கொட்டும் புனலில் தூள் வளைவு கட்டி நிற்கிறது, அடியில் வெறும் பொந்து! புனலை இரண்டு தட்டு தட்டினேன், சரியாகிவிட்டது. அதனால்தான் ஓட்டத்தின் நடுவே அவ்வப்போது சில கேப்ஸ்யூல்களை எடுத்துத் தராசில் வைக்கிறோம். எடை போடுவது அங்கே மட்டும்தான்.