மழைக்கும் பனிக்கும் குதிரைக் கொட்டகையைத் தயார் செய்வது எப்படி?

கேள்வி: ஐயா, வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டம், ஒடுகத்தூர் பக்கம் விவசாயம் செய்கிறேன். வேர்க்கடலை, நெல், இரண்டு கறவை மாடுகள். கூடவே ஏழு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றும் நான்கு வயது ஆண் குதிரை ஒன்றும் இருக்கின்றன. கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் அனுப்புவோம். கொட்டகை தகரக் கூரை, மண் தரை, மூன்று பக்கமும் திறப்பு. போன வருடம் கார்த்திகை மழையில் பெட்டைக்குக் குளம்பு நாற்றமெடுத்து நொண்டியது. மார்கழியில் ஆண் குதிரைக்கு வயிற்று வலி வந்து தரையில் புரண்டது. இந்த வருடம் முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்? நாலாபக்கமும் தார்ப்பாய் கட்டி, ராத்திரியில் கம்பளி போர்த்தலாம் என்று இருக்கிறேன். மாட்டுக்கு வாங்கும் கலப்புத் தீவனத்தையே குதிரைக்கும் போடலாமா?

பதில்: முதலில் தார்ப்பாய் விஷயத்தை முடித்துவிடுவோம். நாலாபக்கமும் கட்ட வேண்டாம்.

வளர்ந்த, உடம்பு தேறிய குதிரைக்கு 5 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை சுகமான பருவம்தான். அந்த வெப்பநிலையில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அது தனியாகப் பாடுபடத் தேவையில்லை. நம் வேலூர்ப் பக்கம் மார்கழி, தை இரவுகளில் பெரும்பாலும் 17, 18 டிகிரி இருக்கும். ஜவ்வாது மலையடிவாரம் என்பதால் உங்கள் ஊரில் கொஞ்சம் குறையலாம். நமக்கு மஃப்ளர் கட்டத் தோன்றும் அந்தப் பனி குதிரைக்கு ஒன்றுமே இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில்தான் அது படாத பாடு படுகிறது. உங்கள் குதிரைகளுக்குப் போன வருடம் வந்த இரண்டு தொல்லைகளையும் குளிரின் தலையில் கட்ட முடியாது. குளம்பு கெட்டது ஈரத்தால். வயிற்று வலி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், தண்ணீரும் தீவனமும் செய்த வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கொட்டகையை இறுக மூடினால் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா உள்ளேயே தங்கும். காலையில் உள்ளே நுழைந்ததும் உங்கள் கண் எரிந்தால், ராத்திரி முழுக்கக் குதிரை அதைத்தான் சுவாசித்திருக்கிறது என்று அர்த்தம். இருமலும் மூக்கொழுகலும் அங்கேதான் ஆரம்பிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காற்று எந்தப் பக்கமிருந்து சாரலைக் கொண்டுவருகிறதோ, அந்த வடக்கு, கிழக்குப் பக்கங்களில் மட்டும் தார்ப்பாயைச் சுருட்டி இறக்குகிற மாதிரிக் கட்டுங்கள். மேலே கூரைக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே ஒன்றரை அடியாவது இடைவெளி இருக்கட்டும். மழை விட்டதும் சுருட்டிவிடுங்கள். தகரக் கூரையை மூன்றடி வெளியே நீட்டினால் பாதிச் சாரல் அங்கேயே நின்றுவிடும். இருக்கிற தகரத்தில் ஆணி ஓட்டைகளையும், காற்றில் படபடக்கும் விளிம்புகளையும் ஐப்பசிக்கு முன்பே சரி செய்யுங்கள். தகரம் அடித்துக்கொள்ளும் சத்தத்துக்கே மிரண்டு கயிற்றை அறுக்கும் குதிரைகள் உண்டு.

கம்பளியும் வேண்டாம். நனைந்த கம்பளி அல்லது கோணிச் சாக்கு முதுகில் கிடப்பது, ஒன்றுமே போர்த்தாமல் விடுவதைவிட மோசம். வயதான, எலும்பு தெரிகிற, காய்ச்சலில் கிடக்கிற குதிரைக்கு மட்டும் காய்ந்த போர்வை போடலாம். மற்றவற்றுக்குப் பனி ராத்திரியில் கூடுதலாக ஒரு கட்டு உலர்தீவனம் போடுங்கள். நார்த்தீவனம் பெருங்குடலில் நொதிக்கும்போது உண்டாகும் சூடுதான் குதிரைக்கு உள்ளிருந்து கிடைக்கும் கம்பளி. கொள்ளுத் தானியத்தை அதிகமாக்கினால் இந்தப் பலன் வராது. ‘குளிருக்குக் கொஞ்சம் பிராந்தி ஊற்று’ என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இனி தரை. உண்மையில் உங்கள் பணத்தில் பெரும்பகுதி போக வேண்டிய இடம் இதுதான். மண் தரையைச் சுற்றுப்புறத்தைவிட ஓரடி உயர்த்துங்கள். கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கி, பின்பக்கம் லேசான சரிவு கொடுங்கள். சரிவு முடியும் இடத்தில் ஒரு சின்னக் கால்வாய் வெட்டி, தண்ணீரைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிடுங்கள். கொட்டகை வாசலும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய இடமும்தான் முதலில் சேறாகும், ஏனென்றால் குதிரைகள் அங்கேயே நின்று மிதிக்கும். அந்த இரண்டு இடங்களிலும் ஜல்லி போட்டு, மேலே கிராவல் பரப்புங்கள். சிமென்ட் தரை போட ஆசைப்பட்டால் வழவழப்பாக இழைக்கச் சொல்லாதீர்கள். லாடம் அடித்த கால் ஈர சிமென்டில் வழுக்கினால் இடுப்பு போய்விடும்.

ஆற்று மணல் கிடைக்கிறதே, அதையே பரப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். படுக்க மணல் நல்லதுதான், ஆனால் மணல் மேல் தீவனத்தைக் கொட்டக் கூடாது. பொறுக்கித் தின்னும்போது மணலும் உள்ளே போய்க் குடலில் படிந்து வயிற்று வலியைக் கொண்டுவரும். தீவனத்தைத் தொட்டியில் போடுங்கள், தொட்டிக்கு அடியில் பழைய ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள். படுக்கைக்கு ரம்பத்தூள், தென்னை நார்க் கழிவு, காய்ந்த வைக்கோல் எது கிடைத்தாலும் சரி. நனைந்ததை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். வைக்கோலைப் படுக்கையாகப் போட்டால் ஆண் குதிரை அதைத் தின்கிறதா என்று கவனியுங்கள். நெல் வைக்கோலை அளவுக்கு மீறித் தின்று, போதுமான தண்ணீரும் குடிக்காவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

இங்கிருந்து நேராக வயிற்று வலிக்கு வந்துவிடலாம்.

ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்க வேண்டும். மழையிலும் பனியிலும் தாகம் எடுக்காது, ராத்திரி முழுக்கத் தொட்டியில் நின்று சில்லென்று ஆன தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். பச்சைப்புல் குறைந்து உலர்தீவனம் கூடியிருக்கும் நேரத்தில் தண்ணீரும் குறைந்தால் லத்தி இறுகும், குடல் அடைக்கும். உங்களிடம் ஆழ்துளைக் கிணறு இருந்தால் வெந்நீர் போட அடுப்பே மூட்ட வேண்டாம். நிலத்தடி நீர் காலையில் இளஞ்சூடாகத்தான் வரும். தொட்டியில் மிச்சமிருக்கும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, மோட்டார் போட்டதும் வரும் தண்ணீரை அப்படியே காட்டுங்கள். ஊறவைத்த கொள்ளில் தினமும் 30 கிராம் உப்பு கலந்தால் தானாகத் தாகம் எடுக்கும். லத்தியைத் தினமும் பாருங்கள். உருண்டைகள் சிறுத்து, காய்ந்து, எண்ணிக்கையும் குறைந்தால் வலி வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தீவனத்தின் அளவு, குதிரையின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 350 கிலோ குதிரைக்கு ஏழு கிலோ, அதில் பெரும்பகுதி நார்த்தீவனம். அருகம்புல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கேழ்வரகுத் தாளும் முற்றிய சோளத்தட்டையும் ஆகும். இளஞ்சோளம் வேண்டாம், அதில் நஞ்சு உண்டு. உங்கள் வேர்க்கடலைக் கொடி விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். ஆடிப்பட்டத்துக் கடலையைப் பிடுங்கும்போது பல வருடங்களில் மழை பிடித்துக்கொள்கிறது. வயலில் நனைந்து, அரைகுறையாகக் காய்ந்து, குவித்து வைத்த போரில் பூசணம் பூத்த கொடியை மாடு ஏதோ சமாளித்துவிடும், குதிரைக்கு முடியாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதை மறக்காதீர்கள். கெட்டது உள்ளே போனால் குடல் முழுவதையும் கடந்துதான் வெளியே வர வேண்டும். நல்ல வெயிலில் காய்ந்த கொடியை மட்டும் தனியாக எடுத்து, தரையில் படாமல் கட்டைகள் மேல் அடுக்கி வையுங்கள்.

கறவை மாட்டுக்காகக் கம்பு நேப்பியர் புல் வைத்திருப்பீர்கள். அதிலுள்ள ஆக்ஸலேட், சுண்ணாம்புச் சத்தைக் குதிரையின் உடம்பில் சேரவிடாது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதுவும் அதே பக்கம்தான் இழுக்கும். மாதக்கணக்கில் நேப்பியரும் தவிடுமாகத் தின்ற குதிரைக்கு முகத்தெலும்பு வீங்கும், காரணம் தெரியாமல் நொண்டும். நேப்பியரைப் பாதிக்கு மேல் போடாமல், கூடவே குதிரை மசால் (லூசர்ன்) தழை கொடுங்கள். அதில் சுண்ணாம்புச் சத்து தாராளமாக இருக்கிறது.

மாட்டுத் தீவனம் போடலாமா என்று கேட்டீர்கள். கூடாது. சில மாட்டுத் தீவனங்களிலும் கோழித் தீவனங்களிலும் மொனென்சின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பார்கள். மாட்டுக்கும் கோழிக்கும் அது பலன் தரும், குதிரைக்கோ இதயத் தசையைக் கெடுக்கும் விஷம். மாடு தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்கே குதிரையைக் கொன்றுவிடும். மூட்டையில் எழுதவில்லை என்பதற்காக நம்பவும் கூடாது. இரண்டு தீவனங்களுக்கும் ஒரே வாளியைக்கூடப் பயன்படுத்தாதீர்கள்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது, உங்கள் குதிரைகள் கட்டியே கிடக்கும். ஆனால் கொள்ளு மட்டும் ஊர்வல நாட்களில் போட்ட அதே அளவில் போய்க்கொண்டிருக்கும். தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்துக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால், கொஞ்ச தூரத்திலேயே வியர்த்துக் கொட்டி, பின்னங்கால் தசைகள் கல்லாக இறுகி, நகர முடியாமல் நின்றுவிடும். மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். அது சிறுநீரகத்தையும் கெடுக்கும். வேலை இல்லாத நாட்களில் கொள்ளைப் பாதியாகக் குறைத்து, உலர்தீவனத்தைக் கூட்டுங்கள். காலை, மாலை அரை மணி நேரம் நடக்கவிடுங்கள். தை மாத வேலைக்குப் பத்து நாள் முன்பிருந்து நடையையும் கொள்ளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வயிற்று வலி வந்துவிட்டால்? விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்னங்காலால் தரையைக் கீறும், படுத்து எழும், புரளும். உடனே தீவனத்தை எடுத்துவிடுங்கள், டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அவர் வரும்வரை மெதுவாக நடக்க வைக்கலாம், ஓடவிடக் கூடாது. மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ எண்ணெய், கஷாயம் ஊற்றும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அது நுரையீரலுக்குள் போய்விட்டால், வயிற்று வலியில் பிழைக்க வேண்டிய குதிரை நிமோனியாவில் செத்துப்போகும். எண்ணெய் தேவைப்பட்டால் டாக்டர் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டுச் செலுத்துவார். தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்து நாடியை எண்ணப் பழகிக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்கும். அது 60-ஐத் தாண்டினால் காத்திருக்காதீர்கள். 1962 எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். அறுவை சிகிச்சை தேவை என்று டாக்டர் சொன்னால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதற்கான வண்டிக்காரர் நம்பரை இப்போதே வாங்கி வையுங்கள், நள்ளிரவில் தேட முடியாது.

குளம்புக்கு வருவோம். அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதியின் ஓரப் பள்ளங்களில் சாணியும் சேறும் அடைந்தால், காற்றுப் படாத இடத்தில் வளரும் கிருமிகள் அதை அரிக்கும். கருப்பாகக் கசியும், நாறும். மழைக்காலத்தில் தினமும் ராத்திரி கட்டுவதற்கு முன் நான்கு குளம்புகளையும் கொக்கியால் சுத்தம் செய்து, துணியால் துடையுங்கள். கசிவு தெரிந்தால் நீர்த்த போவிடோன் அயோடினில் கழுவிக் காயவிடுங்கள். ஆழமாகப் போயிருந்தால் கெட்ட பகுதியைச் சீவ டாக்டரோ அனுபவமுள்ள லாடக்காரரோ வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும், லாடம் தேயவில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். முதுகில் மயிர் கொத்துக் கொத்தாகப் பொருக்கோடு வந்தால் அதுவும் ஈரத்தின் வேலைதான். சாயங்காலத்தில் குளிப்பாட்டாதீர்கள், காய்ந்த பிறகு பிரஷ் போடுங்கள்.

ஆணி, முள், லாடக் காயம் எதிலிருந்தும் குதிரைக்கு ரண ஜன்னி (டெட்டனஸ்) வரும். கால்நடைகளிலேயே அதற்கு அதிகமாகப் பலியாவது குதிரைதான். தடுப்பூசி போடாதிருந்தால் இப்போதே போடுங்கள். முதலில் நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு டாக்டர் சொல்லும்படி ஆண்டுக்கு ஒன்று. குடற்புழு மருந்தையும் எடை பார்த்து, அவர் சொல்கிற அளவில்.

மழைக்குப் பின் கடிக்கும் பெரிய ஈக்கள் பெருகும். அவை சர்ரா என்னும் ரத்த ஒட்டுண்ணி நோயைப் பரப்பும். காய்ச்சல் வந்து வந்து விடும், அடிவயிறும் கால்களும் வீங்கும், தின்றாலும் இளைக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சும்மா காய்ச்சல் ஊசி போட்டு நாளைக் கடத்தினால் குதிரை போய்விடும். லத்திக் குவியலைக் கொட்டகையிலிருந்து தள்ளிக் குழியில் போட்டு மூடினால் ஈ குறையும்.

நெடுஞ்சாலை நடுவே இருக்கும் அரளியை வெட்டி ஓரத்தில் போடுவார்கள், காய்ந்த அரளி இலையும் கொல்லும். அந்தப் பக்கம் மேயவிடாதீர்கள். உரத்துக்கு வாங்கும் ஆமணக்குப் பிண்ணாக்கு மூட்டையும் குதிரைக்கு எட்டாத அறையில் இருக்கட்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓடையோரம் கொட்டகை என்றால், மழை எச்சரிக்கை வந்த அன்று பகலிலேயே மேட்டு நிலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தை முகூர்த்தங்களுக்காக மூன்றாவது குதிரை வாங்கும் எண்ணம் இருந்தால், கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது, 2009-ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி கண்டதும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது. வந்த குதிரையை மூன்று வாரம் தனித் தொட்டி, தனி வாளியோடு தள்ளிக் கட்டுங்கள்.