கொழும்பு வீட்டு வளவில் சின்னக் கூட்டம் வைத்து ராணித் தேனீ வளர்க்கலாமா?

தாராளமாக வளர்க்கலாம். தெஹிவளையில் பின்வளவில் இரண்டு பெட்டி வைத்திருக்கிறீர்கள், வருடாவருடம் ஒன்று வெறுமையாகிவிடுகிறது, காசு கொடுத்து மறுபடி கூட்டம் வாங்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் கொழும்புக்குள் வளர்ப்பவன்தான். பெரிய பெட்டிக்குத் துணையாக மூன்று சட்டம் (தேனீ வதை, அதாவது மெழுகு அடை, கட்டும் மரச்சட்டம்) கொள்ளும் சின்னப் பெட்டி ஒன்றை எப்போதும் வைத்திருப்பேன். அதில் தேன் எதிர்பார்ப்பதில்லை. பெரிய கூட்டத்தில் ராணி செத்தாலோ கிழடானாலோ மாற்றுவதற்கு ஒருத்தி கைவசம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மரப்பொந்திலிருந்து பிடித்த கூட்டத்தை வருடந்தோறும் வாங்கிக்கொண்டிருந்தால் காட்டிலும் தேனீ குறையும், நம் பெட்டியும் நிலைக்காது.

யூடியூபில் இதைப் பற்றி வரும் வீடியோக்கள் பெரும்பாலும் மேலைநாட்டுத் தேனீக்கானவை. நம் பெட்டிகளில் இருப்பது இந்தியத் தேனீ. பசித்தாலோ எறும்புத் தொல்லை கூடினாலோ பெட்டியையே விட்டுப் போய்விடும். ராணி இல்லாமல் விட்டால் வேலைக்காரத் தேனீக்கள் சீக்கிரமே முட்டையிடத் தொடங்கிவிடும். அந்த முட்டைகளில் ஆண் ஈ மட்டும்தான் பிறக்கும், அதோடு கூட்டம் அழியும். ஆகவே, கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டு, ராணியில்லாத பாதி தானே ஒருத்தியை உண்டாக்கிக்கொள்ளட்டும் என்று விடும் முறை இங்கே ஆபத்தானது. புது ராணி வளரும் அறை, அதாவது ராணி அறை, முதிர்ந்த பிறகு அதோடு பிரியுங்கள்.

ராணி அறை வதையின் கீழ் விளிம்பில் கச்சான் கோது போலத் தொங்கும். முதிர்ந்ததா என்று பார்க்க அதன் நுனியைக் கவனியுங்கள். வேலைக்காரத் தேனீக்கள் நுனி மெழுகைச் சுரண்டி எடுத்திருக்கும், உள்ளே பழுப்பு நிறக் கூடு தெரியும். அப்படியானால் ராணி வெளிவர அதிக நாள் இல்லை. மேலே ஓரங்குல வதையோடு சேர்த்து வெட்டுங்கள், குலுக்கவோ தலைகீழாகப் பிடிக்கவோ வேண்டாம். எந்தக் கூட்டத்து அறையை எடுக்கிறோம் என்பது முக்கியம். மழைக்காலத்தையும் தாண்டி ஓடாமல் இருந்த, நோயில்லாத கூட்டமாகப் பாருங்கள். புழுக்கள் தலையைத் தூக்கியபடி, உடம்பில் நீர் கோத்துச் செத்துக் கிடந்தால் அது பை நோய். 1991-92இல் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருவாரியாக அழித்தது அதுதான். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சட்டம்கூட எடுக்காதீர்கள்.

சின்னப் பெட்டிக்கு, மூடிய புழு அறைகள் உள்ள சட்டம் ஒன்று, தேனும் மகரந்தமும் உள்ள சட்டம் ஒன்று, வதை கட்ட வெறும் சட்டம் ஒன்று. வெட்டிய ராணி அறையையும் இவற்றோடு வையுங்கள். இன்னொரு சட்டத்து இளம் தேனீக்களையும் உள்ளே உதறிவிடுங்கள், ஏனென்றால் பழைய தேனீக்கள் தாய்ப் பெட்டிக்கே திரும்பிவிடும். வாசலைச் சுருக்கி, பொழுதுபட்ட பிறகு சீனிப்பாகு வையுங்கள். ஒரு துளி வெளியே சிந்தினாலும் பக்கத்துக் கூட்டம் கொள்ளையடிக்க வரும். நிற்கும் கால்களைத் தண்ணீர் டின்னில் வைத்தால் முசுறு ஏறாது. ராணி வெளிவந்ததும் பெரிய பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு துண்டு வதை கொடுங்கள். வளர்க்கப் பிள்ளை இருந்தால் கூட்டம் லேசில் இடம்பெயராது.

கொழும்பில் உண்மையான சிக்கல் இனச்சேர்க்கைதான். புது ராணி வெளியே பறந்துபோய்த்தான் ஆண் ஈக்களோடு சேர வேண்டும். இலங்கையில் மூன்று வகைத் தேனீக்களின் ஆண் ஈக்கள் எந்நேரம் பறக்கின்றன என்று கோனிகரும் விஜயகுணசேகரவும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கொம்புத் தேனீ நண்பகல் 12 முதல் 2.30 வரை, நம் பெட்டித் தேனீ மாலை 4.15 முதல் 5.15 வரை, மலைத்தேனீ 6 மணிக்குப் பிறகு. அதாவது நம் ராணிக்கு ஒரு நாளில் கிடைப்பது ஏறக்குறைய ஒரே ஒரு மணித்தியாலம். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் இடிமழை வருவது எந்நேரம் என்று உங்களுக்கே தெரியும். காலையெல்லாம் நல்ல வெயில் அடித்தும் ராணி நாட்கணக்கில் வெளியே போக முடியாமல் கிடப்பாள். நான் ஜனவரி, பெப்ரவரியில்தான் ராணி எடுக்கிறேன், மாலை பெரும்பாலும் வெளித்திருக்கும். அதற்கு முன் பெரிய பெட்டியில் ஆண் ஈ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். ஆண் ஈ அறையின் மூடி உயர்ந்து, நடுவில் ஊசித்துளை போல ஒரு ஓட்டை இருக்கும். பிறந்த ஆண் ஈ முதிரவும் நாள் வேண்டும் என்பதால் அறைகளைக் கண்டபிறகு ராணி வேலையைத் தொடங்கினால் சரியாக வரும்.

ராணி இனச்சேர்க்கைக்குப் பறக்கும் நாட்களில் மாலை நான்கு மணிக்குப் பிறகு பெட்டியைத் திறக்கவே கூடாது, இடம் மாற்றவும் கூடாது. திரும்பி வரும் ராணி வழிதவறினால் எல்லாம் வீண். ராணி வெளிவந்து இரண்டு வாரம் போல ஆனதும் ஒரு காலைப்பொழுதில் பாருங்கள். அறைக்கு ஒரு முட்டை, அடியில் நேராக நின்றால் நல்ல ராணி. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை, பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் வேலைக்காரத் தேனீ இடுகிறது. அதைக் காப்பாற்றப் பாடுபட வேண்டாம், பெரிய பெட்டிக்கு முன்னால் உதறிவிடுங்கள்.

நல்ல ராணி அமைந்து பெரிய கூட்டத்துக்கு மாற்றும்போது பழையவளை முதலில் எடுத்துவிட்டு, சிறு துளைகள் இட்ட பத்திரிகைத் தாளை நடுவில் வைத்து இரண்டு கூட்டத்தையும் அடுக்குங்கள். தாளைக் கடித்துத் தீர்ப்பதற்குள் வாசனை கலந்துவிடும். இப்போதைக்குப் பெரிய கூட்டம் நன்றாக இருந்தால் சின்னதை அப்படியே விடலாம். நெரிசல் கூடும்போது அதிலிருந்து ஒரு மூடிய புழுச் சட்டத்தை எடுத்துப் பெரிய பெட்டிக்குக் கொடுங்கள்.