மரகதப்புறா விலைக்கு இல்லை

கேள்வி: தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா என்று பள்ளியில் படித்ததோடு சரி. ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. எங்கே பார்க்கலாம்? வளர்ப்பதற்கு ஒரு ஜோடி எங்கே வாங்கலாம்?
- ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: பார்ப்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 'வாங்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிட்டு மேலே போக மனம் வரவில்லை. வாங்கக் கூடாது. நம் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சைக்கிளிக்கும் முனியா என்கிற சிறு குருவிக்கும் இதே சட்டம்தான். கிளிக் கூண்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் "பாசமாகத்தானே வளர்க்கிறோம்?" என்று கேட்டுக் கடிதம் வரும். உங்கள் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. பறக்கப் பிறந்ததை ஒன்றரை அடிக் கம்பிக்குள் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். எத்தனை கடிதம் வந்தாலும் எதிர்ப்பேன்.

விழா மேடையில் வெள்ளைப்புறா பறக்கவிடுகிறார்களே, அதுவும் எனக்கு ஆகாது. கூட்டிலேயே பொரிந்து, போட்ட தானியத்தைத் தின்று வளர்ந்தவை அவை. கைதட்டல் ஓய்ந்ததும் எங்கே போகும், எதைத் தின்னும்? காக்கைக்கும் பருந்துக்கும் அந்த வெள்ளை நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

மரகதப்புறாவின் நிறமோ அதற்கு நேர் எதிர். பெயரைக் கேட்டால் எங்கிருந்தாலும் பளிச்சென்று தெரியும் என்று தோன்றும். மர நிழலில் அந்தப் பச்சை இருண்டு, சருகோடு சருகாகிவிடும். இலை இடுக்கில் ஒரு கீற்று வெயில் விழுந்து, அதற்குள் அது நடந்து வந்தால் போதும். இறக்கை முழுவதும் பச்சையாக ஜொலிக்கும். இரண்டடி தள்ளிப் போனதும் அணைந்துவிடும். மாடப்புறாவைவிடச் சிறிய பறவை, சுமார் 25 செ.மீ. நீளம். தலையும் மார்பும் ரோஜாச் சாயல் கலந்த பழுப்பு, அலகும் காலும் சிவப்பு. ஆணுக்கு நெற்றியும் புருவமும் வெள்ளை, உச்சந்தலை சாம்பல், தோளில் ஒரு வெள்ளைத் திட்டு. பெண்ணுக்கு இந்த அலங்காரம் குறைவு, பழுப்புதான் தூக்கல். விருட்டென்று எழும்பும்போது பின்முதுகில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். தெரிந்த மறுகணம் மரங்களுக்கு நடுவே தாழ்வாக வளைந்து வளைந்து பறந்து மறைந்துவிடும்.

கூடு என்று பெரிதாக ஒன்றும் கட்டாது. அதிக உயரமில்லாத கிளையில் நாலு சுள்ளி, மேலே இரண்டு முட்டை. குஞ்சுக்குத் தாயும் தந்தையும் தம் தொண்டைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டும். எல்லாப் புறாக்களுக்கும் உள்ள குணம்தான். ஆனாலும் ஆண் பறவைக்கும் பால் சுரக்கிறது என்பதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இரை தேடுவது முழுக்கத் தரையில். உதிர்ந்த பழம், விதை, எப்போதாவது கறையான். மேலே மரம் அடர்ந்திருக்க வேண்டும், கீழே சருகும் புதரும் கிடக்க வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் இந்தப் புறா அந்த இடத்தில் தங்காது. நம் ஊர்களிலோ தோப்பு என்றால் கூட்டிப் பெருக்கிச் சருகைக் குவித்துத் தீ வைப்பதைத்தான் பராமரிப்பு என்கிறார்கள். மரம் நடு விழா நடத்துகிறவர்கள்கூடக் கன்றைச் சுற்றிப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சருகுக்குள்தானே ஐயா விதையும் கறையானும் இருக்கின்றன! மரத்தை மட்டும் எண்ணிக் காடு என்று கணக்குக் காட்டுகிறவர்களோடு எனக்கு உள்ள சண்டை இன்னும் தீரவில்லை.

இலங்கை முதல் இந்தோனேசியா வரை இந்த இனம் பரவியிருக்கிறது. உலக அளவில் இப்போதைக்கு ஆபத்தில்லாத பட்டியலில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் கட்டடக் கண்ணாடியில் மோதிச் சாகும் பறவைகளில் இதுவும் அடிக்கடி அகப்படுகிறது. கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரம் என்று நம்பி அதே வேகத்தில் வந்து மோதும். மலையடிவாரத்தில் கண்ணாடிச் சுவரோடு விடுதி கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, எங்கே பார்க்கலாம்? விழுப்புரத்துச் சமவெளியில் காத்திருந்து பயனில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போங்கள்: டாப்ஸ்லிப், வால்பாறை, முதுமலை, களக்காடு. விடிந்ததும் காட்டுப் பாதை ஓரத்தில் ஒற்றையாகவோ ஜோடியாகவோ தலையை ஆட்டி ஆட்டிக் கொத்திக்கொண்டிருக்கும். கண்ணுக்குப் படுவதற்கு முன்பே 'ஊ... ஊம்' என்று மூக்கால் முனகுவதுபோல் ஒரு குரல் கேட்கலாம். மெல்லத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உயரும். வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனால் அது காதில் விழாது. ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். தாழப் பறந்தே சாலையைக் கடக்கிற பறவை. வண்டி விரட்டிக்கொண்டு வந்தால் அதற்கு விலக நேரம் இருக்காது.