குழந்தையும் கேமராவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள், விடுமுறை வந்தாலே என் ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ஒரே செம்பருத்தியை நூறு படம் எடுக்கிறாள். நல்ல கேமரா ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா? வீட்டிலேயே எப்படிக் கற்றுக்கொடுப்பது?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: கேமரா இப்போதைக்கு வேண்டாம், உங்கள் ஃபோனே போதும். குழந்தை முதலில் பழக வேண்டியது கருவியோடு அல்ல, வெளிச்சத்தோடு. காலை நேரத்தில் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, வெயில் நேரே விழாத ஜன்னல் ஒன்றின் அருகே ஸ்டூல் போட்டு, அதன்மேல் ஒரு கத்தரிக்காயை வைக்கச் சொல்லுங்கள். ஜன்னல் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஒரு படம், பக்கவாட்டில் இருக்கும்படி ஒரு படம், ஜன்னலைப் பார்த்தபடி ஒரு படம் என்று மூன்று படங்களை மட்டும் அவள் எடுக்கட்டும். முதல் படத்தில் காய் தட்டையாகத் தெரியும். இரண்டாவதில் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலும் விழுந்து அதன் திரட்சி தெரியும். மூன்றாவதில் பின்னணி வெளுத்துப்போகும், அல்லது காய் கறுத்துப்போகும். இரண்டாவது படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், காயின் பளபளப்பான தோலில் அந்த ஜன்னலே கம்பிகளோடு சின்ன வெள்ளைக் கட்டமாக விழுந்திருப்பதைக் காணலாம். மறுநாள் அதே இடத்தில் பாட்டியை உட்காரவைத்து எடுத்தால், அதே வெள்ளைக் கட்டம் பாட்டியின் கண்ணில் இருக்கும். முகத்துக்கு உயிர் கொடுப்பது அந்தத் துளி வெளிச்சம்தான் என்பதை அவளே கண்டுபிடிக்க வேண்டும். தயவுசெய்து நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

நூறு படம் எடுப்பதில் தவறில்லை என்றாலும், கற்கும் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருப்பது நல்லது. அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் 1900ஆம் ஆண்டில் சிறுவர்களையும் மனத்தில் வைத்து, 1 டாலர் விலையில் ‘பிரவுனி’ என்ற பெட்டிக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கான ஃபிலிம் சுருள் ஒன்றில் 6 படங்கள்தாம் எடுக்க முடியும் என்பதால், அந்தக் காலத்துப் பிள்ளைகள் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே யோசித்தாக வேண்டியிருந்தது. உங்கள் மகளுக்கும் ஒரு நாளைக்கு ஆறு படங்கள் என்று வைத்துப் பாருங்கள். மாலையில் அந்த ஆறில் ஒன்றை அவளே தேர்ந்தெடுத்து, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாள் என்று உங்களுக்குச் சொல்லட்டும். ‘அருமை’ என்று பாராட்டிவிட்டு நகர்வதைவிட, ‘இதில் எதைக் காட்ட நினைத்தாய்?’ என்று கேட்பதே அவளை வளர்க்கும் என்பது என் உறுதியான கருத்து. ஜூம் செய்வதற்குப் பதிலாக நடந்து கிட்டே போகவும், எடுக்கும் முன் திரையின் நான்கு மூலைகளையும் ஒருமுறை பார்க்கவும் பழக்கிவிட்டால், தொடக்கத்துக்கு வேறு விதிகள் தேவையில்லை.

கேள்வி: ஏழு வயது மகன் மாலையில் வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் எல்லாம் மங்கலாக வருகின்றன. ஃபோனில் கோளாறா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: ஃபோனைச் சந்தேகப்படுவதற்கு முன் லென்ஸைப் பாருங்கள். குழந்தைகளின் விரல்பட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் படம் முழுவதும் புகை மூடியதுபோல இருக்கும். விளக்கைச் சுற்றி ஒளி இழுபட்டிருக்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே அது சரியாகிவிடும்.

துடைத்த பிறகும் மங்கினால், மங்கலில் மூன்று வகை உண்டு என்பதை மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள். இந்த வேறுபாட்டை அடையாளம் காணத் தெரிந்த பிள்ளை பாதிப் பாடத்தைக் கற்றுவிட்டது என்பேன். தங்கை ஓடுவதை எடுத்த படத்தில் சுவரும் காலண்டரும் தெளிவாக இருந்து தங்கை மட்டும் இழுபட்டிருந்தால், அசைந்தது அவள். சுவர், காலண்டர், தங்கை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால், அசைந்தது அவன் கை. பின்னால் இருக்கும் காலண்டரின் தேதி படிக்க முடிகிற அளவுக்குத் தெளிவாகவும், முன்னால் அசையாமல் நிற்கும் தங்கையின் முகம் மட்டும் கலங்கியும் இருந்தால், ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. எடுக்கும் முன் திரையில் அவள் முகத்தைத் தொட வேண்டும்.

மாலையில் முதல் இரண்டும் அதிகமாக நேர்வதற்குக் காரணம், டியூப்லைட்டின் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தாராளமாகத் தோன்றினாலும் கேமராவுக்கு அது மிகக் குறைவு என்பதே. போதிய ஒளியைச் சேர்ப்பதற்காக ஃபோன் ஒரு நொடியில் 15இல் ஒரு பங்கு வரைகூட ஒளியை வாங்கிக்கொண்டிருக்கும். ஓடுகிற குழந்தையை உறையவைக்கவோ ஒரு நொடியில் 250இல் ஒரு பங்கு, அல்லது அதைவிடக் குறைந்த நேரம்தான் இருக்க வேண்டும். ஆகவே ஓட்டத்தைப் பகலில் வாசலில் எடுக்கட்டும். மாலையில் உட்கார்ந்திருப்பவர்களை, முழங்கைகள் இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொண்டு எடுக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம், அது முகத்தை வெளுக்கச் செய்துவிட்டுப் பின்னால் இருப்பதை இருட்டாக்கிவிடும்.

கேள்வி: கேமரா எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். செலவில்லாமல் காட்ட வழி உண்டா?
— வாசகி, மதுரை

பதில்: உங்கள் வீட்டு அறை ஒன்றையே கேமராவாக்கிவிடலாம். வெயில் நன்றாக அடிக்கும் தெருவைப் பார்த்த அறையைத் தேர்ந்தெடுத்து, ஜன்னல் முழுவதையும் கறுப்புச் சார்ட் தாளால் ஒட்டி, கதவிடுக்கில் துணியைச் செருகி, தாளின் நடுவில் சுமார் 1 செ.மீ. அகலத்துக்கு ஒரு துளை இடுங்கள். எதிரே சுவர் வெள்ளையாக இல்லையென்றால் வேட்டியைக் கட்டிவிடலாம். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் பொறுத்திருந்தால், எதிர்வீட்டு மாடியும் தென்னை மரமும் வண்ணத்தோடு தலைகீழாக அந்த வேட்டியில் தெரியும். தெருவில் போகும் ஆட்டோவும் தலைகீழாகவே ஓடும். ஒளி நேர்க்கோட்டில் செல்வதால், மர உச்சியிலிருந்து வருவது துளையைக் கடந்து கீழேயும், அடியிலிருந்து வருவது மேலேயும் விழுகிறது. துளையைச் சிறிதாக்கினால் உருவம் கூர்மையாகும், ஆனால் வெளிச்சம் குறையும். பெரிதாக்கினால் பிரகாசமாகிக் கலங்கும். இந்த உண்மையை அரபு அறிஞர் இப்னு அல்ஹைதம் 11ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருக்கிறார். அந்தத் துளை வழியே சூரியனைப் பார்க்க மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள்.

கேள்வி: மகன் அக்கம்பக்கத்தாரை எல்லாம் கேட்காமலே படம் எடுக்கிறான். கண்டித்தால் ஆர்வம் போய்விடுமோ?
— வாசகர், ஈரோடு

பதில்: போகாது. ‘உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா, மாமா?’ என்று கேட்பதும் படம் எடுக்கக் கற்பதில் ஒரு பகுதிதான். வேண்டாம் என்று சொன்னவரை விட்டுவிட வேண்டும். சரி என்றவருக்கு எடுத்ததைக் காட்ட வேண்டும். முடிந்தால் மாதம் ஒரு நல்ல படத்தைக் கடையில் பிரிண்ட் போட்டு, அதில் இருப்பவரிடமே அவன் கையால் கொடுக்கச் செய்யுங்கள். பிற குழந்தைகள் இருக்கும் படங்களைப் பெற்றோர் சம்மதமின்றி வாட்ஸ்அப் குழுக்களில் பகிர வேண்டாம். ஃபோன் கேமராவின் அமைப்புகளில் இடத்தைப் பதிவு செய்யும் வசதியை இன்றே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் படத்தோடு சேர்ந்து எடுத்த இடமும் பிறர் கைக்குப் போய்விடக்கூடும்.