மேலே ஐஸ் மலை, கீழே திரிந்த பால்: கேஸ் ஏற்ற உடனே சம்மதிக்காதீர்கள்

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஒற்றைக் கதவு பிரிட்ஜ், 190 லிட்டர், வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. ஃப்ரீசர் முழுக்க ஐஸ் கட்டிக்கொள்கிறது, ஆனால் கீழ்த்தட்டில் வைத்த பால் சாயங்காலத்துக்குள் திரிந்துவிடுகிறது, இட்லி மாவு மறுநாளே பொங்கி வழிகிறது. வந்து பார்த்த மெக்கானிக் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிடுச்சு, கம்ப்ரசரும் வீக், 6,500 ஆகும், வண்டியில ஏத்திட்டுப் போறேன்" என்றாராம். கொடுக்கலாமா என்று கேட்கிறார். 2024 ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறார். அந்த வரி முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்றைக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள்.

பிரிட்ஜில் இருக்கும் கேஸ் சமையல் சிலிண்டர் மாதிரி எரிந்து தீர்வது இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸைத்தான் கம்ப்ரசர் என்ற மோட்டார் வருஷக்கணக்கில் அழுத்திச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறது. அது குறைந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கேஸ் முழுக்கப் போன பிரிட்ஜில் ஐஸே பிடிக்காது. பாதி போயிருந்தால் ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் பிடிக்கும், மற்ற பக்கம் வெறும் ஈரமாக இருக்கும். உங்களுக்கு நாலு சுவரிலும் ஐஸ் ஏறியிருக்கிறதென்றால் பெரும்பாலும் கேஸ் இருக்கிறது.

அப்புறம் ஏன் கீழே குளிரவில்லை? அந்த ஐஸ்தான் காரணம். ஒற்றைக் கதவு பிரிட்ஜில் காற்றைத் தள்ள ஃபேன் கிடையாது. ஃப்ரீசர் தகட்டில் பட்டுக் குளிர்ந்த காற்று கனம் கூடித் தானாகக் கீழே இறங்க வேண்டும். தகட்டின் மேல் கால் அங்குலத்துக்கு மேல் ஐஸ் ஏறினால் அது கம்பளிப் போர்வை மாதிரி குளிரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்கு மேல், அழகுக்காகத் தட்டுகளில் பிளாஸ்டிக் விரிப்பு போடுகிறோம், ஃப்ரீசருக்கு நேர் கீழே பெரிய மாவுப் பாத்திரத்தை வைக்கிறோம், காய்கறியைக் கேரி பேக்கோடு திணிக்கிறோம். இறங்குகிற கொஞ்சக் காற்றுக்கும் வழி இல்லை. விரிப்பை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு ஐஸ் பிடிப்பது ஈரத்தால். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் இரவு பகலாக அது உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், நாலு பக்கமும். எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே ரப்பர் பிடிக்கவில்லை. முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கைத் துடையுங்கள். பிறகு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றிக் கையால் நீவிவிட்டால் பல ரப்பர்கள் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் ரப்பரை மட்டும் மாற்றினால் போதும், கேஸ் வேலையோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு.

இப்போது சோதனை. பிளக்கைப் பிடுங்கி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கதவைத் திறந்து வைத்து ஐஸ் தானாகக் கரையும்வரை விட்டுவிடுங்கள். அவசரமென்றால் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வையுங்கள். கத்தி, ஸ்குரூ டிரைவர், தோசைத் திருப்பி எதையும் ஃப்ரீசருக்குள் கொண்டு போகவே கூடாது. அந்தத் தகடு மெல்லிய அலுமினியம், அதற்குள்ளேதான் கேஸ் ஓடுகிறது. ஒரு குத்து போதும், இல்லாத கேஸ் பிரச்சினை அந்த நிமிஷமே வந்துவிடும். உறைந்த மீன் பொட்டலத்தைக் கத்தியால் நெம்பித் தகட்டில் ஓட்டை போட்டவர்கள் என்னிடம் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். நன்றாகத் துடைத்து, குளிரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் திருகை நடுவில் வைத்து, ஒரு நாள் காலியாக ஓடவிட்டுப் பாருங்கள். தகடு முழுக்க ஒரே சீராக மெல்லிய பனி படர்ந்தால் கேஸ் சரி, கம்ப்ரசரும் சரி. உங்கள் செலவு ரப்பரோடு முடிந்தது.

இனி அந்த வெள்ளத் தண்ணீர். மற்றவர்களுக்கு நான் இதோடு நிறுத்தியிருப்பேன், உங்களுக்கு முடியாது. முழங்கால் தண்ணீர் என்றால் கம்ப்ரசர், அதன் பக்கத்தில் இருந்து அதைக் கிளப்பிவிடும் ரிலே, அடியில் இருக்கும் கேஸ் குழாய்கள் எல்லாம் மூழ்கியிருக்கும். இதில் ரிலே கெட்டால் கம்ப்ரசர் சில நிமிஷத்துக்கு ஒருமுறை 'டக்' என்று சத்தம் போட்டு நின்றுவிடும், அதைப் பார்த்துத்தான் பலர் கம்ப்ரசர் போச்சு என்கிறார்கள், மாற்ற வேண்டியது சின்ன ரிலேயைத்தான். குழாய் துருப்பிடிப்பதுதான் பெரிய தொல்லை. உப்புக் காற்றும் வெள்ளச் சேறும் சேர்ந்தால் இரும்புக் குழாயில் ஊசிமுனை ஓட்டை ஒரு வருஷம் கழித்துக்கூட விழும். கேஸின் சூட்டை வெளியே விடும் குழாய்க்குக் கண்டன்சர் என்று பெயர். உங்கள் பிரிட்ஜின் பின்னால் அது கறுப்புக் கம்பிவலையாகத் தெரியாவிட்டால், அந்தக் குழாய் பக்கச் சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. அதில் ஓட்டை விழுந்தால் கண்டுபிடித்து அடைக்க வழியில்லை, பின்னால் புதுக் கண்டன்சர் மாட்டித்தான் ஓட்ட வேண்டும். ஆகவே சோதனையில் ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்தால் அந்த மெக்கானிக் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். பிரிட்ஜின் உடம்பைத் தொடும்போது லேசாக ஷாக் அடித்தால் சோதனையெல்லாம் வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அப்படி வேலை செய்ய நேர்ந்தால் "கேஸ் மட்டும் டாப் அப்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஓட்டையை அடைக்காமல் ஏற்றிய கேஸ் மறுபடி போய்விடும். ஓட்டையை அடைத்து, ஃபில்டர் மாற்றி, வேக்யூம் பம்ப் போட்டு உள்காற்றை இழுத்து, எடைபோட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று பிரிட்ஜில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும். ஆர் 600ஏ என்று போட்டிருந்தால் அதைத்தான் ஏற்ற வேண்டும், கையில் இருக்கிறதென்று ஆர் 134ஏ ஏற்றக் கூடாது. 600ஏ தீப்பிடிக்கிற கேஸ், அடுப்பு எரிகிற சமையலறையில் வைத்து வெல்டிங் செய்ய விடாதீர்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதற்கும் சம்மதிக்காதீர்கள். போன கம்ப்ரசரும் திரும்பி வந்த கம்ப்ரசரும் ஒன்றுதானா என்று உங்களால் சொல்ல முடியாது. இணையத்தில் கம்பெனி பெயர் போட்டுத் தேடினால் வருகிற நம்பர்களில் பல கம்பெனியுடையதே இல்லை, இடைத்தரகர்கள் எடுத்துப் பேசி ஆள் அனுப்பிக் கமிஷன் பார்க்கிறார்கள். பில்லிலோ கையேட்டிலோ அச்சடித்த நம்பரை மட்டும் நம்புங்கள்.

பில் என்றதும் ஞாபகம் வருகிறது. பல கம்பெனிகள் கம்ப்ரசருக்கு மட்டும் 10 வருஷ வாரண்டி கொடுக்கின்றன. உங்களுக்கு ஒன்பதுதான் ஆகிறது! வெளி ஆள் கம்ப்ரசரை அறுத்தெடுத்தால் அந்த உரிமை போய்விடும். பில் மங்கியிருந்தால் கடையில் நகல் கேளுங்கள். கம்ப்ரசர் இலவசம் என்றாலும் கேஸ், கூலி, வண்டி என்று தனித்தனியாகக் கேட்பார்கள், எழுத்தில் வாங்குங்கள். எனக்கு ஆத்திரமே இதில்தான்: கம்பெனிக்காரர்கள் உதிரிபாகத்தை எங்களை மாதிரி தெரு மெக்கானிக்குக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கிற இடத்தில் போனை எடுக்க மாட்டார்கள், நடுவில் நீங்கள் ஒரு வாரம் பாலை வாங்கிக் கீழே கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது.

ஃப்ரீசரில் இருக்கும் மீனைச் சமைத்துத் தீர்த்துவிட்டு, ராத்திரியே பிளக்கைப் பிடுங்குங்கள். அடியில் பழைய துணி விரிக்க மறக்காதீர்கள், தண்ணீர் நிறைய வரும். காலியாக ஓடவிட்ட மறுநாள் பனி எப்படிப் பிடித்திருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.