ஸ்பாம் வடிகட்டும் சேவைக்குப் பணம் கட்டியும் ஸ்பாம் மெயில் நேராக நம் சர்வருக்கே வருகிறதே, எப்படி?

வடிகட்டி பக்கமே போகாமல் வருகிறது. எங்கள் கம்பெனியிலும் இதேதான் நடந்தது.

நான் இருப்பது தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில். கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் பெரிய வழி வாளையாறு. 2017-ல் ஜிஎஸ்டி வரும்வரை அங்கே வரி செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஆனால் சரக்கை மறைத்துக் கொண்டுவருகிறவன் அந்த வரிசையில் ஏன் நிற்கப்போகிறான்? தோப்புப் பாதையைத்தான் தேடுவான்.

மெயிலும் அப்படித்தான். அதற்கு வழி சொல்வது, இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் இருக்கும் எம்எக்ஸ் பதிவு. அதில் நம் ஒவ்வொரு மெயில் சர்வருக்கும் ஓர் எண் இருக்கும். எண் சிறியதாக இருக்கும் சர்வரை முதலில் பார்க்க வேண்டும், அது கிடைக்காவிட்டால்தான் அடுத்தது. ஒழுங்கான சர்வர்கள் இதை மதிக்கும். ஸ்பாம் அனுப்புகிறவன் வேண்டுமென்றே பெரிய எண்ணுக்குப் போவான். மாற்று சர்வரில் காவல் குறைவு என்று அவனுக்குத் தெரியும். நாங்கள் வடிகட்டிக்கு 10 கொடுத்துவிட்டு, பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று பழைய சர்வரை 20-ல் விட்டிருந்தோம். தப்பு அதுதான்.

கணக்கு பார்க்கும் பெண் ஒருநாள், "அண்ணா, பேங்க்ல இருந்து கேஒய்சி கேட்டு மெயில் வந்திருக்குதுங்க, அமுக்கட்டுங்களா?" என்று கேட்டார். நல்லவேளை, கேட்டார். அந்த மெயிலின் ஹெடரை, அதாவது அது வந்த வழியைச் சொல்லும் விவரத்தைத் திறந்தேன். ஒவ்வொரு சர்வரும் தன் 'ரிசீவ்டு' வரியை மேலே மேலே சேர்த்துக்கொண்டே போகும். கீழே இருப்பதை அனுப்பியவனே பொய்யாக எழுதியிருக்கலாம். உச்சியில் நம் சர்வர் எழுதியதை நம்பலாம். அந்த வரியில் வடிகட்டியின் பெயர் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ முன்பின் தெரியாத ஓர் ஐபி, அதாவது யாரோ ஒருவரின் கணினிக்கான எண் முகவரி.

சரி, 20-ஐ எடுத்துவிட்டால் தீருமா? தீராது. பழைய ஐபியை அவர்கள் குறித்து வைத்திருப்பார்கள். 'மெயில்' என்று தொடங்கும் சர்வர் பெயரை யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம். சர்வருக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலில், வெளி சர்வர்கள் மெயில் கொண்டுவரும் வாசலான 25-ஆம் போர்ட்டை வடிகட்டி நிறுவனம் தரும் ஐபிகளுக்கு மட்டும் திறந்துவிட்டு, மற்ற எல்லோருக்கும் மூடுங்கள். ஊழியர்கள் மெயில் அனுப்பும் 587-ஐ அப்படியே விட்டுவிடுங்கள், அதில் கடவுச்சொல் கேட்டால் போதும்.

அப்புறம், வெளியிலிருந்து 25-க்கு இணைத்துப் பாருங்கள். 220 என்று தொடங்கும் வரி வந்தால் கதவு இன்னும் திறந்திருக்கிறது. வீட்டு பிராட்பேண்டில் இதைச் சோதிக்காதீர்கள். பல இணைய இணைப்பு நிறுவனங்கள் 25-ஐ வெளியே போகவே விடுவதில்லை, பதில் வராததைப் பார்த்து மூடிவிட்டோம் என்று நம்பிவிடுவீர்கள்.